'ம்' என்று மட்டும் பதில் வந்தால்

வாட்ஸ்அப்பில் நீளமாக எழுதி அனுப்பியதற்கு வெறும் 'ம்' வந்தால், கோபம்தான் என்று முடிவு கட்டுவதற்கு முன்னால் அவர் இப்போது எங்கே இருப்பார் என்று யோசியுங்கள். கூட்ட நெரிசலில் பஸ் கம்பியைப் பிடித்து நிற்கலாம். சூழ்நிலையை மறந்து எதிராளியின் குணத்தையே காரணமாக்கும் இந்தப் பழக்கத்தைத்தான் உளவியலாளர் லீ ராஸ் 1977-இல் 'அடிப்படைக் காரணப் பிழை' என்றார். நம் எல்லோருக்குமே இது உண்டு.

அப்புறம் அவருடைய பழைய மெசேஜ்களைப் பாருங்கள். எப்போதுமே சுருக்கமாக எழுதுகிறவர் என்றால் விட்டுவிடுங்கள். விலாவாரியாக எழுதுகிறவர் திடீரென்று சுருங்கினால் மட்டும் கேளுங்கள், அதையும் போன் போட்டுக் கேளுங்கள், குரலில் தெரிகிற தொனி எழுத்தில் வராது. "ஏன் கோபம்?" என்று ஆரம்பித்தால் இல்லாத கோபமும் வந்துவிடும். "வேலையா இருக்கீங்களா, அப்புறம் பேசட்டுமா?" போதும்.