ஏசி ஓடுகிறது, அறை மட்டும் குளிரவில்லையா?

மெக்கானிக்கைக் கூப்பிடும் முன் ரிமோட்டைப் பாருங்கள். ஃபேன் மோடுக்கு மாறியிருந்தால் காற்று வரும், குளிர் வராது. கூல் மோடில் 24 டிகிரி வைத்துப் பதினைந்து நிமிடம் விடுங்கள்.

அப்புறம் ஃபில்டர். முன்மூடியைத் தூக்கினால் வலைச் சட்டங்கள் இருக்கும், கழற்றி வெளிச்சத்துக்கு நேரே பிடியுங்கள், கம்பளி மாதிரி தூசி அப்பி மறுபக்கமே தெரியவில்லை என்றால் பாதிப் பிரச்சினை அங்கேதான். குழாய்த் தண்ணீரில் கழுவி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டுங்கள். எங்கள் வீட்டில் இதோடு சரியாகிவிட்டது.

சரியாகவில்லையா? மொட்டை மாடிக்குப் போய் வெளி யூனிட்டைப் பாருங்கள். ஃபேன் சுற்றாமல் முனகல் மட்டும் கேட்டால், இன்வெர்ட்டர் வகை அல்லாத பழைய ஏசியில் பெரும்பாலும் மோட்டாரைச் சுற்ற வைக்கும் கெப்பாசிட்டர் போயிருக்கும். விலை குறைந்த பாகம்தான், ஆனால் மெயினை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தங்கியிருக்கும், தயவுசெய்து நீங்களே கை வைக்காதீர்கள்.

ஃபில்டர் சுத்தமாக இருந்தும் காப்பர் குழாயில் பனி உறைந்தால், உள்ளே சுற்றிக் குளிர வைக்கும் கேஸ் குறைந்திருக்கலாம். கேஸ் பெட்ரோல் போலச் செலவாகித் தீர்வதில்லை, குறைந்தால் எங்கோ கசிகிறது. "வருஷா வருஷம் கேஸ் போடணும் சார்" என்பதை நம்பாதீர்கள். முதலில் கசிவை அடைக்கச் சொல்லுங்கள், பிறகு வேக்கம் பம்ப் போட்டுக் குழாயில் உள்ள காற்றை உறிஞ்சி எடுத்து, யூனிட்டில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள எடைக்கு நிரப்பச் சொல்லுங்கள்.