கப்பலுக்கு முந்தின நாளே போய்ச் சேருங்கள்: வேலூரிலிருந்து க்ரூஸ் கிளம்புகிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிங்கப்பூரில் வெள்ளிக்கிழமை சாயங்காலம் 5 மணிக்கு உல்லாசக் கப்பல். வியாழன் ராத்திரி 11:30க்குச் சென்னையில் விமானம் ஏறினால், நாலு மணி நேரப் பறப்பும் இரண்டரை மணி நேர வித்தியாசமும் சேர்த்து வெள்ளி காலை 6 மணிக்குச் சாங்கி விமான நிலையத்தில் இறங்கிவிடலாம். பதினோரு மணி நேரம் கையில் இருக்கிறதே, எதற்கு ஒரு நாள் ஓட்டல் வாடகை தண்டம் என்றுதான் பல வீடுகளில் கணக்குப் போடுகிறார்கள். அந்தக் கணக்கில் இரண்டு இடத்தில் பிழை இருக்கிறது.

முதலாவது, அந்த 5 மணி. அது கப்பல் கயிறு அவிழ்க்கும் நேரம். பயணிகளுக்கான செக்-இன் பெரும்பாலும் அதற்கு ஒரு மணி, ஒன்றரை மணி நேரம் முன்னாலேயே மூடிவிடும். அமெரிக்கத் துறைமுகங்களில் பல கம்பெனிகளுக்கு 90 நிமிடம் என்பது கறாரான கணக்கு, ஏனென்றால் ஏறியவர்களின் பட்டியலைக் கப்பல் கிளம்பும் முன் அரசாங்கத்துக்கு அனுப்பியாக வேண்டும். கப்பல் கம்பெனி அனுப்பும் போர்டிங் பேப்பரை எடுத்துப் பாருங்கள். உங்கள் குடும்பம் டெர்மினலுக்கு வர வேண்டிய நேரம் ஒன்று இருக்கும், கடைசியாக உள்ளே விடும் நேரம் ஒன்று இருக்கும். அந்தக் கடைசி நேரத்திலிருந்துதான் பின்னோக்கி எண்ண வேண்டும். அது தாண்டிவிட்டால் கப்பல் கண்ணெதிரே நின்றாலும் ஏற்ற மாட்டார்கள், கட்டிய பணமும் திரும்பாது.

இரண்டாவது பிழை இதைவிடப் பெரியது. கையில் எத்தனை மணி நேரம் மிச்சம் என்று பார்ப்பதால் பயனில்லை. இந்த விமானம் ரத்தானால் அடுத்தது எப்போது, அதில் நம் நாலு பேருக்கும் சீட் இருக்குமா என்று கேளுங்கள். காட்பாடியில் ஒரு ரயில் போனால் பின்னாலேயே இன்னொன்று வரும். விமானம் அப்படி இல்லை. சென்னையிலிருந்து கிழக்கே போகும் விமானங்களில் பல, ராத்திரி நேரத்தில் கிளம்புகிறவை. வியாழன் ராத்திரி விமானம் நின்றுபோனால், மாற்று டிக்கெட் வெள்ளி ராத்திரிக்குக் கிடைப்பது சகஜம். அதற்குள் கப்பல் போய்விட்டிருக்கும். மே மாதப் பள்ளி லீவில் ஒரே விமானத்தில் நாலு காலி சீட் தேடுவது இன்னும் கஷ்டம். நாலு மணி நேரத் தாமதத்தை அந்தப் பதினோரு மணி நேரம் தாங்கும். ஒரு ரத்தைத் தாங்காது.

ஒரு ராத்திரியா, இரண்டு ராத்திரியா?

நேர் விமானம் உள்ள ஊர் என்றால், அதாவது சிங்கப்பூர், துபாய் மாதிரி, கப்பலுக்கு முந்தின நாள் காலையிலோ மத்தியானமோ அங்கே இறங்கிவிடுவது போதும். அப்படிச் செய்தால் உங்கள் விமானம் நின்றுபோனாலும் அடுத்த ராத்திரி விமானம் ஒன்று கைவசம் இருக்கும்.

பார்சிலோனா, ரோம், ஏதென்ஸ் மாதிரி நடுவில் விமானம் மாற வேண்டிய ஊர்களுக்கு இரண்டு ராத்திரி விடுங்கள். கனெக்ஷன் ஒன்று தவறினால் மாற்று விமானம் பெரும்பாலும் மறுநாள்தான், நீங்கள் வந்து சேர்ந்தாலும் பெட்டி அதற்கும் மறுநாள் வரலாம். கப்பல் கிளம்பின பிறகு பெட்டி வந்தால் அது துறைமுகம் துறைமுகமாக உங்களைத் துரத்திக்கொண்டு வரும். வளைகுடா வழியாக மாறுகிறவர்களுக்குக் கூடுதல் காரணமும் உண்டு. 2024 ஏப்ரல் 16ஆம் தேதி பெய்த மழையில் துபாய் விமான நிலையம் நிலைக்கு வரச் சில நாள் ஆனது. 2025 ஜூன் 23ஆம் தேதி கத்தார் தன் வான்வெளியைச் சில மணி நேரம் மூடியதற்கே விமானங்கள் எங்கெங்கோ சிதறிப்போயின.

மும்பையில் ஏறும் கப்பலுக்கு மட்டும் கொஞ்சம் தளர்த்தலாம். சென்னையிலிருந்து இரண்டு மணி நேரப் பறப்பு, நாள் முழுக்க விமானம் உண்டு. ஆனாலும் காலை 6 மணி விமானத்துக்கு வேலூரில் ராத்திரி 12 மணிக்கெல்லாம் கிளம்ப வேண்டும். தூக்கம் கெட்ட டிரைவரை நம்பி அந்த நேரத்தில் நெடுஞ்சாலையில் போவதைவிட, முந்தின நாள் சாயங்கால விமானத்தில் போய் மும்பையில் தூங்குவது நல்லது. சென்னைத் துறைமுகத்திலேயே ஏறும் கப்பல் என்றால் விமானப் பேச்சே இல்லை. காட்பாடியிலிருந்து காலை ரயிலில் சென்ட்ரல் வந்தால், அங்கிருந்து துறைமுகம் கிட்டத்தில்தான்.

கணக்கு மீனம்பாக்கத்தில் தொடங்கவில்லை

வேலூரிலிருந்து சென்னை விமான நிலையம் ஏறக்குறைய 130 கிலோமீட்டர். ரோடு காலியாக இருந்தால் இரண்டரை மணி நேரம். அந்த இரண்டரையை நம்பிக் கிளம்புவதுதான் இங்கே அடிக்கடி நடக்கும் தவறு. வாலாஜாபேட்டையிலிருந்து பூந்தமல்லி வரை ஆறு வழிச்சாலை வேலை வருடக்கணக்காக இழுபட்ட பாதை இது. நடுநடுவே சர்வீஸ் ரோட்டில் இறக்கிவிடுவார்கள், ஒரு லாரி அச்சு முறிந்து நின்றாலே முக்கால் மணி நேரம் போகும். ஸ்ரீபெரும்புதூரில் தொழிற்சாலை ஷிப்ட் மாறும் நேரம், ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், பொங்கல் தீபாவளி முடிந்து எல்லோரும் சென்னைக்குத் திரும்பும் நாள், இந்த மூன்றிலும் பூந்தமல்லி நெருங்க நெருங்க வண்டி ஊரும். ஸ்ரீபெரும்புதூரில் பிரிந்து குன்றத்தூர், பல்லாவரம் வழியாகப் போகத் தெரிந்த டிரைவர் கிடைத்தால் நல்லது. எப்படியானாலும் சாலைக்கு நாலு மணி நேரம், வெளிநாட்டு விமானத்துக்கு மூன்று மணி நேரம், மொத்தம் ஏழு மணி நேரம் முன்னால் வீட்டுப் படி இறங்க வேண்டும். குடியாத்தம் பக்கத்துக்காரர்கள் இன்னும் ஒரு மணி நேரமும், திருப்பத்தூர் பக்கத்துக்காரர்கள் இரண்டு மணி நேரமும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ரயில் ஒரு நல்ல மாற்று. காட்பாடியிலிருந்து சென்ட்ரல் சுமார் இரண்டு மணி நேரம், அங்கிருந்து நீல வழித்தட மெட்ரோ மாறாமல் விமான நிலையம் வரை போகும். பெட்டி ஆளுக்கு ஒன்று என்றால் சமாளிக்கலாம். மெட்ரோ ராத்திரி 11 மணி வாக்கில் நின்றுவிடும் என்பதை மறக்க வேண்டாம்.

டிக்கெட் மலிவு என்று பெங்களூரைப் பிடிக்கிறவர்கள், ‘பெங்களூர் நாலு மணி நேரம்’ என்று நினைத்துக் கிளம்புகிறார்கள். விமான நிலையம் இருப்பது ஊருக்கு வடக்கே, தேவனஹள்ளியில். கிருஷ்ணகிரி, ஓசூர் வழியாகப் போனால் எலெக்ட்ரானிக் சிட்டியில் தொடங்கி ஊரையே கடக்க வேண்டும். காட்பாடி, சித்தூர், முல்பாகல், கோலார், ஹொஸ்கோட்டே வழியாகப் போனால் ஊருக்குள் நுழையாமலே சேர்ந்துவிடலாம்.

மழைக்காலத்தை இங்கே பலரும் குறைத்து மதிக்கிறார்கள். வேலூரில் வெயில் காய்ந்துகொண்டிருக்கும்போதே மீனம்பாக்கத்தில் ஓடுபாதை மூடியிருக்கும். 2015 டிசம்பர் வெள்ளத்தில் விமான நிலையம் பல நாள் மூடிக் கிடந்தது. 2023 டிசம்பர் 4ஆம் தேதி மிக்ஜாம் புயலிலும், 2024 நவம்பர் 30ஆம் தேதி ஃபெஞ்சல் புயலிலும் விமானங்கள் நின்றன. அக்டோபர் கடைசியிலிருந்து டிசம்பர் பாதி வரை கப்பல் என்றால், மேலே சொன்ன கணக்கில் ஒரு ராத்திரியைக் கூட்டிக்கொள்ளுங்கள். போகிப் பண்டிகை விடியற்காலையும் அப்படித்தான். பழைய பாய் எரித்த புகையும் மார்கழிப் பனியும் சேர்ந்து ஓடுபாதை தெரியாமல் விமானங்கள் தாமதமாவது உண்டு.

நள்ளிரவு விமானத்தின் தேதி

இதில் விழுகிறவர்கள் படித்தவர்கள்தான். டிக்கெட்டில் ‘14 மே, 00:30’ என்று இருக்கிறது. 14ஆம் தேதி ராத்திரி என்று மனசு படித்துக்கொள்கிறது. உண்மையில் அது 13ஆம் தேதி ராத்திரி 12 மணி தாண்டி அரை மணி. 13ஆம் தேதி ராத்திரி 9:30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும், அதற்கு அன்று சாயங்காலம் 5:30க்கு வேலூரில் வண்டி ஏறியிருக்க வேண்டும். 14ஆம் தேதி ராத்திரி பெட்டியோடு போய் நின்றால் விமானம் முந்தின ராத்திரியே போயிருக்கும். டிக்கெட் கைக்கு வந்த அன்றே, வீட்டுக் காலண்டரில் 13ஆம் தேதிக் கட்டத்தில் ‘மாலை 5:30 கார்’ என்று எழுதிவிடுங்கள். கார்க்காரரிடமும் ‘பதிமூன்றாம் தேதி சாயங்காலம்’ என்று கிழமையையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

இதன் இன்னொரு பக்கம் ஓட்டல். அந்த விமானம் 14ஆம் தேதி காலை 7 மணிக்குச் சிங்கப்பூரில் இறக்கிவிடும். ஓட்டல் அறை பெரும்பாலும் மத்தியானம் 2 அல்லது 3 மணிக்குத்தான் தருவார்கள். வயசான அப்பா அம்மாவைக் கூட்டிப் போகிறவர்கள் முந்தின ராத்திரிக்கும் சேர்த்து அறை போட்டால், இறங்கின உடனே படுக்க வைக்கலாம். ‘காலையில்தான் வருவோம்’ என்று ஓட்டலுக்கு எழுதிவிடுங்கள், இல்லையென்றால் ராத்திரி ஆள் வரவில்லை என்று புக்கிங்கையே ரத்து செய்துவிடக்கூடும்.

விமானத்தை முன்னால் இழுத்தால் விசா தேதியும் நகர வேண்டும்

கப்பல் தேதிக்குச் சரியாக விசா வாங்கிவிட்டு, பிறகு ‘இரண்டு நாள் முன்னாலேயே போகலாம்’ என்று முடிவு செய்கிறவர்கள் உண்டு. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவில் எந்தத் தேதியிலிருந்து செல்லும் என்று அச்சிட்டிருக்கும், அதற்கு முந்தின நாள் இறங்க முடியாது. ஆகவே எத்தனை ராத்திரி என்ற முடிவை விண்ணப்பத்துக்கு முன்னாலேயே எடுங்கள். ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசி வரம்பு 15 நாள். கப்பல் நடுவில் துருக்கி, துனிசியா மாதிரி ஷெங்கனுக்கு வெளியே போய்த் திரும்பினால், பலமுறை நுழையும் விசாதான் வேண்டும். சிங்கப்பூரிலும் இதே கதைதான். கப்பல் மலேசியா, தாய்லாந்து போய்த் திரும்பினால் அது இரண்டாவது நுழைவு. சிங்கப்பூர் வருகை அட்டையை இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும். அது இலவசம், பணம் கேட்கும் தளம் அரசாங்கத் தளம் இல்லை. பாஸ்போர்ட்டில் ஆறு மாதம் பாக்கி இருக்கிறதா என்பதையும் அப்போதே பாருங்கள்.

துறைமுகத்தின் பெயரை முழுசாகப் படியுங்கள்

சிங்கப்பூரில் இரண்டு கப்பல் டெர்மினல்கள் உண்டு. ஒன்று மரினா சவுத் பக்கம் இருக்கும் மரினா பே க்ரூஸ் சென்டர், மற்றது செந்தோசாவுக்கு எதிரே ஹார்பர்ஃப்ரண்டில். துபாயிலும் மினா ராஷித், துபாய் ஹார்பர் என்று இரண்டு. டாக்ஸிக்காரரிடம் ‘க்ரூஸ் டெர்மினல்’ என்று மட்டும் சொன்னால் எங்கே கொண்டுபோய் விடுவார் என்று சொல்ல முடியாது. ‘ரோம்’ என்று விற்கும் கப்பல் ஏறுவது சிவிடவெக்கியாவில், ஃபியுமிசினோ விமான நிலையத்திலிருந்து ஏறக்குறைய 60 கிலோமீட்டர். ‘லண்டன்’ என்றால் பெரும்பாலும் சவுத்தாம்ப்டன், ஹீத்ரோவிலிருந்து 100 கிலோமீட்டருக்கு மேல். வெனிஸ் நகரக் கால்வாய்க்குள் 2021 ஆகஸ்டிலிருந்து பெரிய கப்பல்களை விடுவதில்லை. வெனிஸ் பெயரில் விற்கும் சில பயணங்கள் ரவென்னாவில் தொடங்குகின்றன, அது வெனிஸிலிருந்து வேலூர்–சென்னை தூரம். முந்தின ராத்திரி ஓட்டல் போடும்போது விமான நிலையத்துக்குப் பக்கமாகப் போடாமல் துறைமுகத்துக்குப் பக்கமாகப் போடுங்கள். அந்தக் கடைசித் தூரம் கப்பல் நாளன்று பாக்கி இருக்கக் கூடாது.

டிக்கெட், பெட்டி, இன்சூரன்ஸ்

சென்னை–மும்பை ஒரு கம்பெனியிலும், மும்பை–பார்சிலோனா வேறொன்றிலும் தனித்தனியாக வாங்கினால் சில ஆயிரம் மிச்சமாகலாம். முதல் விமானம் தாமதமானால் இரண்டாவது கம்பெனிக்கு அதில் எந்தப் பொறுப்பும் கிடையாது, புது டிக்கெட் உங்கள் காசு. கப்பலுக்குப் போகிறவர்கள் முழுப் பயணத்தையும் ஒரே பி.என்.ஆரில், அதாவது ஒரே புக்கிங் எண்ணில் வாங்குங்கள்.

பாஸ்போர்ட், மருந்துச் சீட்டோடு முழுப் பயணத்துக்குமான மாத்திரை, ஒரு மாற்று உடுப்பு, இவை கைப்பையில். கப்பல் டெர்மினலில் ஒப்படைக்கும் பெட்டி கேபினுக்கு வரச் சாயங்காலம் ஆகிவிடும், அதனால் சர்க்கரை, பிரஷர் மாத்திரை பெட்டிக்குள் போகவே கூடாது.

இன்சூரன்ஸ் கப்பல் ஏறும் நாளிலிருந்து தொடங்காமல், வேலூரை விட்டுக் கிளம்பும் நாளிலிருந்து தொடங்கட்டும். ஷெங்கனுக்குக் கேட்கும் 30,000 யூரோ காப்பீடு மருத்துவச் செலவுக்கானது, கப்பலைத் தவறவிட்டதற்கு அதில் பணம் வராது. பாலிசியில் ‘புறப்பாடு தவறுதல்’ என்ற பிரிவு தனியாக இருக்கிறதா, எத்தனை ரூபாய் வரை என்று படியுங்கள். பல பாலிசிகளில் பயணத்துக்குப் போதிய நேரம் விட்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் இருக்கும். புயல் எச்சரிக்கை வந்த பிறகு வாங்கும் பாலிசி அந்தப் புயலுக்கு உதவாது.

இவ்வளவு செய்தும் விமானம் தாமதமானால், மீனம்பாக்கத்தில் நிற்கும்போதே கப்பல் கம்பெனியின் அவசர எண்ணுக்குப் பேசுங்கள். அந்த எண்ணும் துறைமுக ஏஜென்ட் எண்ணும் போர்டிங் பேப்பரில் இருக்கும், செல்போன் சார்ஜ் போனாலும் கிடைக்கும்படி ஒரு தாளில் எழுதிக் கைப்பையில் வைத்திருங்கள். புக்கிங் எண், எத்தனை பேர், எந்த விமானம், எப்போது இறங்கும் என்ற நாலையும் சொல்லுங்கள். தகவல் சொல்லாமல் வராமலிருந்தால் வரவில்லை என்று பதிந்து கேபினை ரத்து செய்துவிடலாம். அடுத்த துறைமுகத்தில் ஏறிக்கொள்ள அனுமதி உண்டா என்று கேளுங்கள். உண்டு என்றால், அந்த நாட்டில் விமானத்தில் போய் இறங்க உங்களிடம் விசாவோ அனுமதியோ இருக்கிறதா என்று பார்த்த பிறகே டிக்கெட் வாங்குங்கள். பினாங்கு என்றால் மலேசிய டிஜிட்டல் வருகை அட்டையையும் நிரப்பிவிட்டு விமானம் ஏறுங்கள்.