பிராக்கெட் மாட்டும் முன் பின்பலகையைத் தட்டிப் பாருங்கள்

பழைய ஃபைபர் படகின் அமரத்தில் (பின்முனையில்) பிராக்கெட் (மோட்டாரைச் சற்றுப் பின்னால் தள்ளித் தாங்கும் சட்டம்) வைத்து அவுட்போர்டு மோட்டார் மாட்டப் போகிறீர்களா? முதலில் பின்பலகையைச் சோதியுங்கள். ஃபைபருக்குள் இருப்பது பெரும்பாலும் பிளைவுட். சின்னச் சுத்தியலால் அங்குலம் அங்குலமாகத் தட்டுங்கள். கெட்டியான சத்தம் வந்தால் நல்லது. 'பொத்' என்று கேட்டால் உள்பக்கத்திலிருந்து 3 மி.மீ. துளை போடுங்கள். ஈரமான கருத்த தூள் வந்தால், பலகையை மாற்றாமல் மேற்கொண்டு எதுவும் செய்யாதீர்கள். பிராக்கெட் மோட்டாரின் பாரத்தைப் பின்னால் தள்ளி நெம்புகோல்போல் இழுக்கும். உளுத்த மரம் தாங்காது, நடுக்கடலில் உயிருக்கே ஆபத்து.

போல்ட் துளைகளைச் சற்றுப் பெரிதாகப் போட்டு எபாக்ஸியால் (கல்போல் இறுகும் பசை) நிரப்புங்கள். இறுகியதும் நடுவில் சரியான அளவில் திரும்பத் துளையுங்கள். இனி மரத்துக்குள் தண்ணீர் இறங்காது. போல்ட் 316 ரக (உப்புநீரில் எளிதில் துருப்பிடிக்காத) ஸ்டெயின்லெஸ் ஸ்டீலாக இருக்கட்டும். நீர்மட்டத்துக்குக் கீழே கசிவை அடைக்கச் சிலிகானை நம்பாதீர்கள், பாலியூரித்தேன் சீலன்ட்தான் சரி.

மோட்டார் 1 அடி பின்னால் போனால் சுமார் 1 அங்குலம் உயர்த்துங்கள். படகு ஓடும்போது அங்கே தண்ணீர் மேலெழுந்து வரும்.

பாரம் பின்னால் போனதால் அணியம் (முன்முனை) தூக்கும். அதைத் தாழ்த்தத்தான் ட்ரிம் டேப், அதாவது பின்பலகையின் கீழே இடமும் வலமுமாக மாட்டும் இரண்டு சாய்தகடுகள். இரண்டையும் அடித்தட்டுக்குச் சற்று மேலே, புரொப்பல்லரிலிருந்து நன்றாக விலக்கி, ஒரே உயரத்தில் பொருத்துங்கள்.