சிபிஆர் வகுப்பில் ஏஆர் விளையாட்டு: எங்கெங்கே சறுக்குகிறது?

இதயம் நின்றவரின் மார்பை அழுத்தி ரத்தத்தை ஓடவைக்கும் முதலுதவி சிபிஆர். கேமராக் காட்சியின் மேல் கணினிப் படத்தைப் பொருத்திக் காட்டுவது ஏஆர். இரண்டும் சேர்ந்த பயிற்சி விளையாட்டில் பொம்மையின் மார்பு மேலேயே இதயம் தெரிகிறது, அழுத்த அழுத்த ரத்தம் மூளைக்கு ஏறுகிறது. மருத்துவ, நர்சிங் மாணவர்களுக்கு இதைவிடத் தெளிவாகக் காட்டுவது கடினம். ஆனால் ஸ்கோரிலேயே முதல் தவறு நடந்துவிடும்.

வேகத்துக்கு மட்டும் புள்ளி கொடுத்தால் மாணவர் நிமிடத்துக்கு 140 முறை குத்துவார். அந்த வேகத்தில் ஆழம் போகாது. மார்பு முழுதாக மேலெழவும் நேரம் கிடைக்காது. மார்பு எழுந்தால்தான் இதயத்தில் ரத்தம் நிறையும். பெரியவர்களுக்கு வேண்டியது நிமிடத்துக்கு 100 முதல் 120, ஆழம் 5 முதல் 6 செ.மீ. ஆகவே 120ஐத் தாண்டினால் புள்ளி குறைய வேண்டும். கையின் எடையை மார்பிலேயே தங்கவிட்டாலும், 10 விநாடிக்கு மேல் அழுத்துவதை நிறுத்தினாலும் அப்படியே. 30 அழுத்தத்துக்கு 15 முதல் 18 விநாடி ஆகும். 12 விநாடியில் முடித்தவருக்குக் கைதட்டும் விளையாட்டை வாங்கவே வேண்டாம்.

ஆழத்தைக் கேமராவின் கணிப்புக்கு விடாதீர்கள். பொம்மைக்குள் சென்சார் இருக்க வேண்டும். பொம்மையை மெத்தையில் கிடத்தினால் மெத்தையும் சேர்ந்து அமுங்கும், மாணவருக்கு ஆழமாக அழுத்திய நினைப்பு மட்டும் வரும். தரையில் கிடத்துங்கள்.

மார்க்கர் படத்தை, அதாவது இதயத்தை எங்கே காட்டுவது என்று கேமராவுக்கு அடையாளம் சொல்லும் அச்சுப் படத்தை, மார்பில் ஒட்டுவது அடுத்த தவறு. கை அதை மறைக்கும், ஒவ்வொரு அழுத்தத்துக்கும் அது கீழே போய்வரும், இதயம் குதிக்கும். தலைப்பக்கம் ஓர் அட்டையில் ஒட்டுங்கள். லேமினேட் செய்தால் டியூப்லைட் பளபளப்பில் கேமரா அதைத் தொலைத்துவிடும். பிரிண்டரில் 'பக்கத்துக்குப் பொருத்து' என்பதை விட்டுவைத்தால் 10 செ.மீ. மார்க்கர் கொஞ்சம் சுருங்கிவிடலாம். இதயப் படமும் அளவு மாறி, இடம் தள்ளி நிற்கும். அச்சடித்ததும் ஸ்கேல் வைத்து அளந்துவிடுங்கள்.

இரண்டு கையும் மார்பில் இருக்கும்போது போனை யார் பிடிப்பது? ஸ்டாண்டில் பொருத்துங்கள். திரையை மாணவரின் கண்ணுக்கு நேராக வைத்தால் தலை நிமிரும், முழங்கை மடியும். பொம்மையின் தோளருகே தாழ்த்தி வையுங்கள். போனுக்குப் பதில் தலையில் மாட்டும் ஏஆர் ஹெட்செட் என்றால் குனிந்த நிலையிலேயே வாரை இறுக்க வேண்டும். மாணவரின் விரல்களுக்கு மேல் இதயம் வரையப்பட்டால் கை வைத்த இடம் சரியா என்று அவருக்கே தெரியாது. முதல் சில அழுத்தங்களுக்கு அந்தப் படத்தை அணைத்துவிடலாம்.

2 நிமிடத்துக்கு ஒருமுறை ஆளை மாற்றுங்கள். கடைசிச் சுற்றில் ஹெட்செட், ஒலி, ஸ்கோர் எதுவும் வேண்டாம். சென்சார் மட்டும் பதியட்டும், மாணவர் முடித்த பிறகு எண்களைக் காட்டுங்கள். மதிப்பெண் இந்தச் சுற்றுக்குத்தான்.