வெறும் நிலத்தைக் காட்டக் கூட்டிப்போகும் முன் ஓர் ஏஜென்ட் பார்க்க வேண்டியவை

வீடு விற்றுப் பழகியவர்கள் நிலத்துக்கு வரும்போது தடுமாறுவது ஒரே இடத்தில்தான். வாங்குபவர் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு வீடே பதில் சொல்லிவிடும். எத்தனை அறை, கூரை ஒழுகுகிறதா, குழாயில் தண்ணீர் வருகிறதா எல்லாம் கண்ணுக்குத் தெரியும். வெறும் நிலத்தில் நின்றுகொண்டு "நான் நினைக்கிற மாதிரி இங்கே கட்ட முடியுமா?" என்று ஒருவர் கேட்டால் பதில் சொல்ல நீங்கள் மட்டும்தான் இருக்கிறீர்கள். நிலத்தின் விலை என்பது அதில் என்ன செய்யலாம் என்பதன் விலை. எனவே ஒரு இடம் எதற்கு ஒத்துவரும், எதற்கு ஒத்துவராது என்று கண்டுபிடிக்கத் தெரிய வேண்டும், பேச்சுத் திறமை எல்லாம் அதற்கு அப்புறம்தான்.

அளவுக் கணக்கைச் சட்டென்று முடித்துவிடுவோம். ஒரு ஏக்கர் 43,560 சதுர அடி. ஒரு ஹெக்டேர் 10,000 சதுர மீட்டர், அதாவது சுமார் 2.47 ஏக்கர். இது மனப்பாடமாக இருந்தால் போதும்.

சரிவு விஷயத்தில்தான் பலர் ஏமாறுகிறார்கள். சரிவைச் சதவீதத்தில் சொல்வார்கள்: கிடைமட்டமாக 50 மீட்டர் போவதற்குள் 5 மீட்டர் ஏறினால் அது 10 சதவீதம். 45 பாகைச் சரிவுதான் 100 சதவீதம், செங்குத்துச் சுவர் அல்ல. நில அளவையில் கணக்கிடும் பரப்பு, மேலிருந்து பார்த்தால் எவ்வளவு தெரியுமோ அவ்வளவு. சரிவோடு டேப்பைப் பிடித்து அளந்தால் கூடுதலாகத்தான் வரும். 20 சதவீதச் சரிவில் 100 மீட்டருக்குக் கிட்டத்தட்ட 2 மீட்டர் அதிகம் காட்டும். "ரெக்கார்டில் இருப்பதைவிட நிலம் ஜாஸ்தி இருக்கிறது" என்று விற்பவர் சந்தோஷப்படும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். போவதற்கு முன்னால் சமஉயரக் கோடுகள் (ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களை இணைக்கும் கோடுகள்) உள்ள வரைபடம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். கோடுகள் நெருக்கமாக இருந்தால் அங்கே சரிவு அதிகம். கோடுகள் கூராக வளைந்து அந்தக் கூர்முனை மேட்டுப் பக்கம் நீட்டிக்கொண்டிருந்தால் அது பள்ளம், மழைநீர் அந்த வழியாகத்தான் இறங்கும், இப்போது அங்கே ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லாவிட்டாலும்.

தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் நிறையவே பேச வேண்டும், ஏனென்றால் நிலத்தைக் கெடுப்பதும் அதுதான், விற்பவர்கள் மறைக்கப் பார்ப்பதும் அதைத்தான். நிலம் பார்க்க நல்ல நாள், நன்றாக மழை பெய்து விட்ட மறுநாள். வெயில் காலத்தில் எல்லா நிலமும் நல்ல நிலம்தான். மழைக்காகக் காத்திருக்க முடியாது என்றால் தடயங்களைத் தேடுங்கள்: பக்கத்துச் சுவர்களில் ஒரே உயரத்தில் ஓடும் கறை, வேலிக் கம்பியில் மாட்டிக் காய்ந்துபோன குப்பை, மற்ற இடமெல்லாம் காய்ந்து கிடக்கும்போது ஓர் ஓரத்தில் மட்டும் பச்சையாக நிற்கும் கோரை. முழங்கை ஆழத்துக்கு ஒரு குழி தோண்டச் சொல்லுங்கள். சிவப்பு, பழுப்பு மண் பெரும்பாலும் நீர் நன்றாக வடியும் மண். சாம்பல் நிறத்தில் ஆங்காங்கே துருப்பிடித்தது போன்ற புள்ளிகள் தெரிந்தால், வருடத்தில் பல நாள் அங்கே நீர் தேங்குகிறது, காற்றுப் புகாமல் மண்ணிலுள்ள இரும்பு நிறம் மாறியிருக்கிறது என்று அர்த்தம்.

பள்ளத்தை மண் கொட்டி மேடாக்கியிருந்தால்? அங்கே இருக்கும் பழைய மரத்தைப் பாருங்கள். சாதாரணமாக மரத்தின் அடிப்பாகம் வேர்ப் பக்கம் விரிந்திருக்கும். கம்பம் நட்ட மாதிரி நேராக மண்ணுக்குள் போகிறது என்றால், அநேகமாக அதைச் சுற்றி யாரோ மண் நிரப்பியிருக்கிறார்கள். குழியில் செங்கல் துண்டும் பிளாஸ்டிக்கும் வந்தால் சந்தேகமே வேண்டாம். சரியாக இறுக்காமல் நிரப்பிய மண் ஒரே சீராக அமுங்காது, மேலே கட்டிய கட்டடம் ஒரு பக்கம் இறங்கி விரிசல் விடும்.

அப்புறம் இந்த "நூறு வருட வெள்ளம்". நூறு வருடத்துக்கு ஒருமுறைதானே என்று தைரியம் சொல்லும் ஏஜென்ட்கள் உண்டு, தயவுசெய்து அந்தக் கூட்டத்தில் சேராதீர்கள். அந்த அளவு வெள்ளம் வர ஒவ்வொரு வருடமும் 1 சதவீத வாய்ப்பு இருக்கிறது என்பதுதான் அதன் கணக்கு. போன வருடம் வந்துவிட்டது என்பதால் இந்த வருடம் விலக்கு கிடையாது. 30 வருடக் கடனில் வீடு கட்டுபவரைப் பொறுத்தவரை, கடன் முடிவதற்குள் ஒருமுறையாவது அது வர சுமார் 26 சதவீத வாய்ப்பு, கிட்டத்தட்ட நாலில் ஒன்று.

மண்ணை எளிதாகச் சோதிக்கலாம். ஈர மண்ணைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்துப் பட்டையாகப் பிதுக்குங்கள். 5 சென்டிமீட்டருக்கு மேல் உடையாமல் நீண்டால் அது நல்ல களிமண். சில களிமண் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கிப் பெரிய வெடிப்பு விடும், அதன்மேல் சாதாரண அஸ்திவாரம் நிற்காது. பைசா கோபுரத்தை 1173இல் கட்ட ஆரம்பித்தார்கள், அடியிலிருந்த மென்மையான மண்ணால் மூன்றாவது அடுக்கு எழும்பும் கட்டத்திலேயே அது சாயத் தொடங்கிவிட்டது. விரல் சோதனை உங்களுக்கு ஒரு துப்பு கொடுக்கும், அவ்வளவுதான். எத்தனை மாடி தாங்கும் என்று சொல்வது மண் பரிசோதனைப் பொறியாளரின் வேலை, அதை நீங்கள் சொல்லாதீர்கள்.

முன்பு அங்கே என்ன நடந்தது என்றும் விசாரியுங்கள். பழைய பெட்ரோல் பங்க், தோல் பதனிடும் இடம், சாயப்பட்டறை, குப்பைக் கிடங்கு இருந்த நிலத்துக்குள் ரசாயனம் இறங்கியிருக்கலாம். அமெரிக்காவில் நயாகரா ஃபால்ஸ் நகரின் லவ் கேனால் பகுதியில் ரசாயனக் கழிவு புதைத்த நிலம் 1953இல் ஒரு டாலருக்குப் பள்ளி நிர்வாகத்திடம் கைமாறியது. கழிவு இருப்பது பத்திரத்திலேயே எழுதியிருந்தது. அப்படியும் அங்கே பள்ளி வந்தது, சுற்றி வீடுகள் வந்தன, 1978இல் அவசரநிலை அறிவித்து மக்களை வெளியேற்ற வேண்டியதாயிற்று. பத்திரத்தை யாராவது கடைசி வரி வரை படித்தார்களா என்று எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

சரி, பத்திரத்துக்கு வருவோம். பதிவு செய்தாயிற்று என்பதற்கு எல்லா நாட்டிலும் ஒரே அர்த்தம் கிடையாது. 1858இல் தெற்கு ஆஸ்திரேலியாவில் ராபர்ட் டாரன்ஸ் கொண்டுவந்த முறையில், பதிவேட்டில் யார் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், அதற்கு அரசு பொறுப்பு. வேறு பல இடங்களில் பதிவாவது பத்திரம் மட்டுமே. விற்றவருக்கே உரிமை இல்லையென்றால் பதிவான பத்திரமும் காப்பாற்றாது, அதனால்தான் முந்தைய கைமாற்றங்களை ஒவ்வொன்றாகப் பின்னோக்கிப் பார்க்க வேண்டியிருக்கிறது. நீங்கள் வேலை செய்யும் இடத்தில் எந்த முறை என்று முதல் வாரத்திலேயே தெரிந்துகொள்ளுங்கள்.

வேலி வேறு, எல்லை வேறு. வேலி என்பது யாரோ ஒருவர் தனக்கு வசதியான இடத்தில் போட்டது. ஆங்கிலேயச் சட்ட மரபு உள்ள நாடுகளில், பத்திர விவரங்கள் ஒன்றோடொன்று மோதினால் பொதுவாகத் தரையிலுள்ள எல்லைக்கல் போன்ற அடையாளங்களுக்கே முதல் மதிப்பு, நீள அகலம் அதற்குப் பின்னால், பரப்பளவு கடைசி. நாம் விளம்பரத்தில் பெரிதாகப் போடுவதோ அந்தக் கடைசியைத்தான். கல் கிடைக்கவில்லை என்றால் சர்வேயரைக் கூப்பிடுங்கள்.

பாதையைக் கடைசி நிமிடத்தில் கேட்காதீர்கள். நிலத்துக்கு வண்டி போகிறது என்பதும், போக உரிமை இருக்கிறது என்பதும் ஒன்றல்ல. பக்கத்து நிலக்காரர் நல்லவராக இருப்பதால் மட்டும் வண்டி போய்க்கொண்டிருக்கலாம், நாளைக்கு அவர் மகன் கேட் போட்டுவிடுவார். எழுத்தில் பாதை உரிமை இருக்கிறதா, எத்தனை அடி அகலம், எந்தப் பயன்பாட்டுக்கு என்று பாருங்கள். உங்கள் நிலத்தின் ஊடாக வேறு யாருக்காவது வழியோ, மின்கம்பியோ, குழாயோ போக உரிமை இருக்கிறதா என்பதும் அதே அளவு முக்கியம்.

கட்டட விதிகளைத் தனித்தனியாகப் படித்தால் ஏமாறுவீர்கள், சேர்த்துப் போட்டுப் பார்க்க வேண்டும். 10 மீட்டர் அகலம், 20 மீட்டர் நீளம், ஆக 200 சதுர மீட்டர் மனை. முன்னால் 3, பின்னால் 2, பக்கங்களில் ஒன்றரை ஒன்றரை மீட்டர் விட வேண்டும் என்றால் கட்ட மிஞ்சுவது 7க்கு 15, அதாவது 105 சதுர மீட்டர். தளப்பரப்புக் குறியீடு, அதாவது எல்லாத் தளங்களும் சேர்த்து மனைப் பரப்பைப் போல எத்தனை மடங்கு கட்டலாம் என்ற கணக்கு, 1.5 என்றால் மொத்தம் 300 சதுர மீட்டர் கட்டலாம். ஆனால் தரைத்தளத்தையும் சேர்த்து இரண்டு தளத்துக்கு மேல் அனுமதி இல்லாத பகுதி என்றால் 210க்கு மேல் போக முடியாது. விளம்பரத்தில் 300 என்று போட்டுவிட்டீர்களா, வாங்கியவர் உங்களைத் தேடி வருவார்.

ஒவ்வொரு நிலத்துக்கும் ஒரு நோட்டுப் பக்கம் ஒதுக்கி, நேரில் பார்த்தது, ஆவணத்தில் படித்தது, யாரோ சொல்லிக் கேட்டது என்று மூன்றாகப் பிரித்து எழுதுங்கள். வாங்குபவரிடம் பேசும்போதும் எது எந்தப் பகுதியிலிருந்து வருகிறது என்று சொல்லிவிடுங்கள். மூன்றாவது பகுதி மற்ற இரண்டையும்விட நீளமாக இருந்தால் அந்த நிலத்தை இன்னும் விளம்பரத்தில் போடாதீர்கள்.