டவுன் சிண்ட்ரோம் பிள்ளைங்களுக்கு உணர்ச்சிகளைச் சொல்லித்தரும்போது பண்ணக்கூடாத தப்புகள்

போன வாரம் புதுசா சேர்ந்த டீச்சர் பொண்ணு ஒண்ணு, ராத்திரியெல்லாம் உக்காந்து மஞ்சக் கலர் இமோஜி மூஞ்சியா பிரிண்ட் எடுத்து லேமினேட் பண்ணிக் கொண்டுவந்து காட்டிச்சு, பாத்ததும் எனக்குப் பகீர்னு ஆச்சு, ஏன்னா பன்னெண்டு வருஷம் முன்னாடி நானும் அச்சு அசலா இதைத்தான் பண்ணேன். பொறுமையா இருங்க, பாசமா பேசுங்கங்கிறதெல்லாம் உங்களுக்கே தெரியும், அதை விட்டுடறேன்.

கார்டை மட்டும் நம்புறது

அப்போ என்கிட்ட படிச்ச ஒரு பையனுக்கு ஏழு வயசு. சந்தோஷம், சோகம், கோபம், பயம், ஆச்சரியம், அருவருப்புன்னு ஆறு கார்டு. ஒரு வருஷம் இதையே ஓட்டி, கடைசில கேட்ட கார்டை டக்கு டக்குனு எடுத்துத் தந்தான். ரிப்போர்ட்ல டிக் போட்டேன், அவங்கம்மாவுக்கு வாயெல்லாம் பல்லு. கொஞ்ச நாள் கழிச்சு அவங்களே வந்தாங்க. "மிஸ், எங்கப்பா தவறிட்டாருன்னு ஃபோன் வந்து தரையில உக்காந்து அழுதுட்டு இருக்கேன், இவன் வந்து கிச்சுகிச்சு மூட்டிச் சிரிக்கிறான் மிஸ்"ன்னாங்க.

மறுநாள் கோபம் கார்டுல மூஞ்சி மேல பேப்பர் ஒட்டி மறைச்சுட்டுக் கேட்டேன். அப்பவும் கரெக்டா எடுத்தான்! சுத்தி சிவப்புக் கலர் இருந்துச்சுல்ல. சோகத்துக்கு நீலக் கண்ணீர்ச் சொட்டு, பயத்துக்கு லேமினேஷன் ஓரம் பிஞ்சு தொங்கிட்டு இருந்துச்சு. பையன் மூஞ்சியைப் பாக்கவே இல்லைங்க. காதால கேட்டு ஞாபகம் வெச்சுக்கறதைவிட கண்ணால பாத்துக் கத்துக்கறது இவங்களுக்கு நல்லா வரும், அந்த பலத்தை நான் கலருக்கும் கிழிசலுக்கும் செலவழிக்க வெச்சிருக்கேன். ஒரு வருஷ ஃபீஸ் வேற வாங்கியிருக்கேன். இன்னிக்கும் நினைச்சா எம்மேலயே எரிச்சல் வருது.

இப்போ நான் பண்றது இதான்: அப்பா, பாட்டி, தங்கச்சின்னு வீட்டு ஆளுங்க போட்டோ, எல்லாம் ஒரே சுவர் முன்னாடி எடுத்தது. ரெண்டே உணர்ச்சியில ஆரம்பிக்கணும். முதல்ல ஒரே மாதிரி முகத்தை ஜோடி சேர்க்கறது, அப்புறம் "அழற பாட்டி எங்க?"ன்னா எடுத்துத் தர்றது, வாயால பேர் சொல்றது கடைசிலதான், ஏன்னா இவங்கள்ல நிறைய பேருக்கு, தங்களுக்குப் புரியற அளவுக்கு வாயால சொல்ல வராது, சொல்லலைன்னா தெரியலைன்னு முடிவு கட்டிடாதீங்க. அதோட வீட்டுல நடக்கும்போதே காட்டணும். தங்கச்சி கையில இருந்த ஐஸ் கீழ விழுந்து அழுதா, துடைக்கறதை அப்புறம் பாத்துக்கலாம், அவளோட மூஞ்சியைக் காட்டி "பாப்பா அழறா, பாப்பாவுக்கு சோகம்"னு அங்கேயே சொல்லிடுங்க.

பயத்தைச் சொல்லித்தர அவசரப்படுறது

எல்லாத்துலயும் பயம்தான் கஷ்டம், சில ஆய்வுகள்லயும் அப்படித்தான் வந்திருக்கு. கண்ணு விரிஞ்சு வாய் திறந்தா ஆச்சரியமும் அதே மாதிரிதானே இருக்கும்? கடைசில வெச்சுக்கோங்க.

"இவங்க எப்பவும் ஹேப்பி"

சுத்தப் பொய். சில பிள்ளைங்களுக்கு முகத் தசை தளர்வா இருக்கறதால கோபம் மெலிசாத்தான் தெரியும், நாம கவனிக்காம விட்டுட்டு, தட்டைத் தூக்கி வீசினதும் பிடிவாதம்ங்கிறோம். தன்னோட கோபத்துக்கே பேர் தெரியாத பிள்ளை உங்க கோபத்தை எப்படிங்க கண்டுபிடிக்கும்? இன்னொரு கூட்டம் டவுன்னா சோகம்னு நினைச்சுக்குது. அது 1866ல இதைப் பத்தி எழுதின ஜான் லாங்டன் டவுன்ங்கிற டாக்டரோட பேரு.

காது, கண்ணு

சொல்லித்தர ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி இது ரெண்டையும் டாக்டர்கிட்ட காட்டிட்டு வாங்க. நடுக்காதுல நீர் கோத்துக்கறது இவங்களுக்கு ரொம்ப சகஜம், அப்போ நீங்க சொல்றது சரியா கேக்காம இருக்கலாம்.

சிரிச்சு மயக்கினா விட்டுடறது

கஷ்டமான கேள்வி வந்தா கட்டிப்பிடிப்பாங்க, பறக்கும் முத்தம் குடுப்பாங்க. வாங்கிக்கோங்க, கேள்வியை மறுபடி கேளுங்க.

உடனே பதில் எதிர்பாக்கறது

மனசுக்குள்ள பத்து எண்ணுங்க. நான் இன்னும் ஆறுலயே வாயைத் திறந்துடறேன்.