ஒரு ஏக்கர் காய்கறி: டிராக்டர் விலை கேட்கும் முன் ஒரு டிரம்மை நிரப்பிப் பாருங்கள்

முதல் வேலை, தண்ணீரை அளப்பது. மோட்டாரை 2 மணி நேரம் ஓடவிட்டு, அதன் பிறகு 200 லிட்டர் டிரம்மைக் குழாய் வாயில் வையுங்கள். மோட்டார் போட்டவுடன் அளந்தால் கிணற்றுக்குள் தேங்கியிருந்த தண்ணீர்தான் கணக்கில் வரும். சித்திரை வெயிலில் அளப்பது இன்னும் நல்லது. டிரம் நிரம்ப 80 விநாடி ஆனால், மணிக்கு 9,000 லிட்டர்.

இப்போது தேவையைப் பாருங்கள். ஏக்கர் 43,560 சதுர அடி. சொட்டுநீர்ப் பாசனத்தில் 5 அடிக்கு ஒரு லேட்டரல் (செடி வரிசையோரம் ஓடும் சிறு குழாய்), 2 அடிக்கு ஒரு சொட்டி (தண்ணீர் சொட்டும் வாய்) என்றால் 4,356 சொட்டிகள். ஒவ்வொன்றும் மணிக்கு 4 லிட்டர் விட்டால் 17,424 லிட்டர் வேண்டும். இருப்பதோ 9,000. ஆகவே வயலை இரண்டாகப் பிரித்து, தனித்தனி வால்வு வையுங்கள். மொத்தமாகத் திறந்தால் கடைசி வரிசைக்கு அழுத்தம் போகாது. அங்கே செடி குட்டையாக நிற்கும், பழி உரத்தின் மேல் விழும்.

தமிழ்நாட்டில் சிறு, குறு விவசாயிகளுக்குச் சொட்டுநீர் அமைக்க 100 சதவீத மானியம் உண்டு, மற்றவர்களுக்கு 75. தாசில்தார் தரும் சிறு, குறு விவசாயி சான்று, சிட்டா (நில உரிமைப் பதிவு), அடங்கல் (பயிர்ப் பதிவு) மூன்றையும் முதலில் எடுத்து வையுங்கள். அனுமதி வருமுன் கடையில் குழாய் வாங்கிவிடாதீர்கள்.

ஃபில்டரில் மிச்சம் பிடிக்க வேண்டாம். பாசி படியும் திறந்த கிணறென்றால் மணல் ஃபில்டரும் வேண்டும். வாரம் ஒருமுறை லேட்டரல் முனையைத் திறந்துவிடுங்கள். முதலில் பழுப்பாக வரும், தெளிந்ததும் மூடுங்கள். டிஏபி உரத்தைக் கரைத்துச் சொட்டுநீரில் விட்டால் சொட்டி அடைக்கும்.

உழவுக்கு வாடகை வண்டி போதும். ஏக்கருக்கு வருடம் 10 மணி நேர உழவு, மணிக்கு 1,000 ரூபாய் என்று வைத்தாலும் 10,000தான். 5 லட்சத்துக்கு டிராக்டர் வாங்கி 10 வருடம் வைத்திருந்தால், வட்டி, டீசல் சேர்க்காமலே வருடத்துக்கு 50,000. உழவன் செயலியில் வேளாண் பொறியியல் துறையின் டிராக்டரை முன்பதிவு செய்யலாம். சொந்தமாக வேண்டியது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர், களைக்கொத்தி, அரிவாள், காய் அள்ளும் கிரேட். களைக்கொல்லிக்கும் பூச்சி மருந்துக்கும் ஒரே ஸ்பிரேயர் வேண்டாம். டேங்கில் ஒட்டிய மிச்சமே செடியைக் கருக்கிவிடும்.

ஒரு ஏக்கர் கத்தரியை எடுத்துக்கொள்வோம். அறுப்பு வரை 45,000 செலவு என்று வைப்போம். மண்டியில் கிலோ 15 ரூபாய். கமிஷன் பத்து சதவீதம், அதாவது 1.50, பறிகூலி 2.50, சாக்கும் வண்டியும் 2. கையில் 9 நிற்கும். 5,000 கிலோவில் முதல் திரும்பிவிடும். விலை 8 ஆனால் கையில் 2.70தான். அதே 45,000க்கு 16,600 கிலோவுக்கு மேல் பறிக்க வேண்டும். வீரிய ஒட்டு ரகத்தை நன்றாகப் பார்த்துக்கொண்டால்தான் அவ்வளவு வரும். உழவர் சந்தையில் கமிஷன் கிடையாது, ஆனால் விடியுமுன் போய் உட்கார ஆள் வேண்டும்.

நட்டு 55, 60 நாள் வரை வரவு இல்லை. அதுவரைக்குமான கூலியை மானியத்தை நம்பாமல் ரொக்கமாக வையுங்கள்.

இரண்டாவது வால்வின் கீழும் கத்தரியையே 20 நாள் தள்ளி நடலாமே என்று தோன்றும். முதல் வயலின் காய்ப்புழு அப்படியே இங்கே இறங்கிவிடும். அந்த அரை ஏக்கரில் வெண்டை போடுங்கள். 45 நாளில் பறிப்புக்கு வந்து, கத்தரி காய்க்குமுன் கூலிக்குக் கை கொடுக்கும்.